சார்ஜிங் கியோஸ்க் வேண்டாம், ஒழுங்கான பிளக் பாயிண்ட் போதும்: நெல்லை வட்டாரக் கல்லூரி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்கள், செயலர்கள், விடுதிக் காப்பாளர்கள், வளாகப் பராமரிப்புப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். திருநெல்வேலி வட்டாரத்தில் கட்டட வயரிங்கும் கல்வி நிலையங்களின் மின் பராமரிப்பும் தொழிலாகக் கொண்ட நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. மாணவர்கள் போனுக்கும் லேப்டாப்புக்கும் சார்ஜ் போட, வளாகத்தின் பொது இடங்களில் நல்ல வசதி செய்து தாருங்கள் என்று கேட்கிறோம். அதை எப்படிச் செய்தால் பத்து வருடம் நிற்கும், எப்படிச் செய்தால் ஆறு மாதத்தில் கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

முக்கூடல், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் காலை ஏழு மணிக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், உதவித்தொகை விண்ணப்பத்துக்கு வரும் ஓடிபி, கேன்டீனில் கொடுக்கும் பணம், பாடக் குறிப்பு எல்லாமே போனில்தான் ஓடுகின்றன. இரண்டு வருடம் பழகிய பேட்டரி பிற்பகல் மூன்று மணிக்குப் பத்து சதவீதத்தில் நிற்கும். பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான். வகுப்பறையில் போன் கூடாது என்ற உங்கள் விதியோடு இந்தக் கோரிக்கை மோதவில்லை. வகுப்புக்கு வெளியே, காத்திருக்கும் இடத்தில் கேட்கிறோம்.

வசதி இல்லாத வளாகத்தில் சார்ஜ் போடுவது நின்றுவிடவில்லை, ஒளிந்து நடக்கிறது. வாட்டர் கூலரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே சார்ஜர் ஏறுகிறது. கம்ப்யூட்டர் லேபின் யுபிஎஸ் பாயிண்டில் ஏறுகிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று தொடர்ந்து, ஈரமான வராந்தாத் தரையில் கிடக்கிறது. எர்த் இல்லாத டூ-பின் அடாப்டரில் லேப்டாப்பைச் செருகிவிட்டு, மெட்டல் பாடியைத் தொட்டால் சுர்ரென்கிறது என்கிறார்கள். த்ரீ-பின் சார்ஜருக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வழியாக இயல்பாகவே கொஞ்சம் கரண்ட் கசியும். எர்த் இருந்தால் அது அந்த வழியே போய்விடும், இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியே போகும். அந்தக் கசிவு பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த இடத்தில் எர்த் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதே பாயிண்டில் பழுதான சார்ஜர் ஒன்று ஏறும் நாளில் கதை வேறாகிவிடும்.

இனி, வாங்க வேண்டாம் என்று நாங்கள் சொல்வதை முதலில் சொல்கிறோம். விலைப்பட்டியலோடு வந்து விற்கும் சார்ஜிங் கியோஸ்க், அதாவது பல வகை கேபிள்கள் தொங்கும் தூண், அல்லது சிறு சிறு லாக்கர்கள் கொண்ட பெட்டி. கேபிள்தான் முதலில் போகும். நாள் முழுக்க நூறு கைகள் செருகிப் பிடுங்கும்போது, கனெக்டர் கழுத்தில் உள்ளே இருக்கும் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மாற்றுக் கேபிள் அந்தக் கம்பெனியிடம்தான் கிடைக்கும் என்றால் தூண் காட்சிப் பொருளாகிவிடும். லாக்கரில் பூட்டு போகும், சாவி தொலையும். அதோடு, காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் போன் சூடாவது நல்லதே இல்லை.

சுவரில் பதிக்கும் யுஎஸ்பி சாக்கெட்டும் பொது இடத்துக்கு வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்குள் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் சப்ளை இருக்கிறது. மழைக்கால இடியில் ஒரு சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எழுச்சி) வந்தால் அது போய்விடும். பழைய யுஎஸ்பி-ஏ துளை வைத்தால் இரு முனையும் டைப்-சி ஆன புதிய கேபிளுக்குப் பயன்படாது. டைப்-சி வைத்தாலும் அதன் நாக்கு நாலைந்து மாதத்தில் ஆடத் தொடங்கும். பொது யுஎஸ்பி துளை வழியாகப் போனிலிருந்து தகவல் திருடப்படலாம் என்று ரிசர்வ் வங்கியே 2022-ல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டில் எச்சரித்திருக்கிறது. மாணவர்கள் தங்கள் சொந்த சார்ஜரை 230 வோல்ட் த்ரீ-பின் சாக்கெட்டில் செருகினால் அந்தக் கவலைக்கே இடமில்லை. மின்சாரம் மட்டும்தான் வரும். சாக்கெட் பழுதானால் பாளை மார்க்கெட்டிலோ டவுனிலோ எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் மாற்று கிடைக்கும், பத்து நிமிட வேலை.

கரண்ட் பில் ஏறிவிடும் என்ற பயத்தைக் கணக்குப் போட்டே தீர்க்கலாம். 5,000 எம்ஏஎச் போன் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி. சார்ஜரில் சூடாகப் போவதையும் சேர்த்து 25 என்று வையுங்கள். அப்படியானால் 40 போன்களை முழுதாக ஏற்ற ஒரு யூனிட் (1,000 வாட்-மணி). ஒரு நாளைக்கு 300 மாணவர்கள் பாதி பாதி சார்ஜ் ஏற்றினாலும் நாலு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். யூனிட் பத்து ரூபாய் என்றே தாராளமாக வைத்தாலும் நாளுக்கு 40 ரூபாய், 200 வேலை நாளுக்கு 8,000 ரூபாய். லேப்டாப் சேர்ந்தால் கூடும், ஒரு முழு சார்ஜுக்குச் சுமார் 60 வாட்-மணி பிடிக்கும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் தருவதாகத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்ததை நினைவில் வைத்து, ஒவ்வொரு பாயிண்டிலும் லேப்டாப் ஏறும் என்றே திட்டமிடுங்கள்.

இடம் தேர்வதில்தான் பாதி வெற்றி. புதிதாக ஓர் இடத்தைக் காட்டி "இங்கே வந்து சார்ஜ் போடு" என்றால் யாரும் வரமாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே உட்காரும் இடத்துக்குக் கரண்டைக் கொண்டுபோங்கள். எங்கள் வரிசை: நூலகம் முதலில், பிறகு பெண்கள் ஓய்வறை, கேன்டீன், நிர்வாக அலுவலக வராந்தா, கடைசியாக வாசலுக்கு அருகே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடம். அங்கே உட்கார்ந்தபடியே போனைக் கண்ணில் வைத்திருக்க முடிய வேண்டும். பின்பக்க வராந்தா, மாடிப்படிக்கு அடி, ஆள் நடமாட்டமில்லாத ஆய்வக மூலை வேண்டாம். அங்கே போனும் பத்திரமில்லை, மாலையில் தனியாக நிற்கும் பெண்ணும் பத்திரமாக உணர மாட்டாள். கேமரா வைத்தால் ஆளும் வழியும் தெரியும்படி வையுங்கள். பின் நம்பர் தட்டும் திரை அதன் கண்ணில் படக்கூடாது.

நம்மூர் வெயிலும் ஒரு கணக்கு. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூட்டில் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும், நல்ல போன் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். சித்திரையில் பாளையங்கோட்டையில் 40 டிகிரி சாதாரணம். தகர ஷீட் போட்ட காத்திருப்புக் கூடத்தின் அடியிலும், பிற்பகல் வெயிலை வாங்கும் மேற்குச் சுவரிலும் அதைவிட அதிகம். ஆகவே வடக்குச் சுவர், கிழக்குச் சுவர், வேப்பமர நிழல் விழும் வராந்தா என்று பாருங்கள். அம்பாசமுத்திரம், கடையம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆனி ஆடிச் சாரல் திறந்த வராந்தாவுக்குள் ஒரு மீட்டர் வரை அடிக்கும், அந்த எல்லைக்குள் சாக்கெட் வரவே கூடாது. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் வட்டாரத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மண்ணை அள்ளி வந்து துளைகளில் திணிக்கும். அங்கே மூடியுள்ள ஐபி-65 (தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத தரம்) பெட்டிதான் சரி. மூடினால் சார்ஜரோடு சேர்த்து மூடும்படியான ஆழமுள்ள பெட்டியாக வாங்குங்கள். சார்ஜர் செருகியதும் மூடி திறந்தே நிற்குமானால் அந்தப் பெட்டியால் பயன் இல்லை.

இனி வயரிங். இருக்கிற லைட் சர்க்யூட்டிலிருந்து ஒரு டாப் (கிளை இணைப்பு) எடுத்து நாலு பிளக் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பழைய கட்டடங்களில் அந்த வயர் ஒரு சதுர மில்லிமீட்டராக இருக்கும், எர்த் வயர் இழுத்திருக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு சார்ஜிங் இடத்துக்கும் டிபி என்னும் மின் பகிர்வுப் பெட்டியிலிருந்து தனிச் சர்க்யூட் வேண்டும்.

எட்டு பாயிண்ட் உள்ள ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். எட்டிலும் 65 வாட் லேப்டாப் சார்ஜர் என்றால் 520 வாட். ஆனால் 75 வாட்டுக்கு உட்பட்ட சார்ஜர்கள் பெரும்பாலானவற்றில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) திருத்தம் இருக்காது, அது 0.6 அளவில்தான் நிற்கும். எனவே வயரில் ஓடும் கரண்ட் 2.3 ஆம்பியர் அல்ல, கிட்டத்தட்ட 3.8 ஆம்பியர். இதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் எஃப்ஆர் (தீ எளிதில் பரவாத உறையுள்ள) காப்பர் வயர் போட்டு, 10 ஆம்பியர் சி-கர்வ் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) வையுங்கள். வயர் இன்னும் தாங்குமே, 16 வைத்தால் என்ன என்று கேட்பார்கள். 10 வைப்பதற்குக் காரணம் உண்டு: யாராவது இரண்டு எலெக்ட்ரிக் கெட்டில்களை அங்கே கொண்டுவந்து செருகினால் எம்சிபி விழ வேண்டும். சி-கர்வ் ஏன் என்றால், கரண்ட் போய் வரும் நொடியில் எல்லாச் சார்ஜர்களும் ஒரே நேரத்தில் இழுக்கும். நொடிநேர இழுப்பைக் குறைவாகவே பொறுக்கும் பி-கர்வ் ரகம் அதற்கே விழுந்துவிடலாம்.

எம்சிபி வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி, அதாவது போன கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாமல் எங்கோ கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச். கசிவு 30 மில்லிஆம்பியர், தாங்கும் கரண்ட் 25 ஆம்பியர், டபுள் போல், ஏ-டைப் என்று கேட்டு வாங்குங்கள். இதை வேண்டாமென்று ஒதுக்கிய கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒரே ஆர்சிசிபியில் வளாகம் முழுவதையும் கட்டுவதும் தவறு. ஒவ்வொரு லேப்டாப் சார்ஜரும் அரை மில்லிஆம்பியர் வரை கசியலாம் என்று வைத்தால், 16 பாயிண்டுக்கு 8 ஆகிறது. இயல்பான கசிவு 30-ல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் காரணமில்லாமல் ட்ரிப் ஆகத் தொடங்கும். ஆக 16 பாயிண்டுக்கு ஓர் ஆர்சிசிபி.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஆர்சிசிபிக்குப் பின்னால் வரும் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் வயர்), அவசரத்தில் பழைய லைட் சர்க்யூட் நியூட்ரலோடு ஒரே லிங்க்கில் (வயர்களைச் சேர்த்து முறுக்கும் பட்டை) சேர்த்துவிடுவார்கள். போன கரண்டும் திரும்பிய கரண்டும் ஒத்துப்போகாது, யாராவது ஃபேன் போட்டால் ஆர்சிசிபி விழும். "இது கம்ப்ளைன்ட் பீஸ் சார்" என்று சொல்லி அதை பைபாஸ் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு பெட்டியில் ஆர்சிசிபி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. சார்ஜிங் சர்க்யூட்டுகளுக்குத் தனி நியூட்ரல் லிங்க் வேண்டும், அதில் பெயர் ஒட்டியிருக்க வேண்டும் என்று ஒர்க் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.

இடி மின்னல் நமக்குச் சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் அதிகம். அந்த டிபியில் டைப்-2 சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்று வைப்பது நல்லது. மெயின் டிபிக்கு வரும் நியூட்ரல் திருகையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். த்ரீ-ஃபேஸ் சப்ளையில் நியூட்ரல் கழன்றால், லோடு குறைவான ஃபேஸில் வோல்டேஜ் 400-ஐ நோக்கி ஏறும். 240 வோல்ட் வரை என்று குறித்திருக்கும் சார்ஜர்கள் வரிசையாகப் புகையும்.

எர்த்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாளையைச் சுற்றிப் பாறையும் சரளையும், தெற்கே திசையன்விளைப் பக்கம் தேரி மணல், வடக்கே சங்கரன்கோவில் பக்கம் கரிசல். கரிசலில் ஈரம் நிற்கும், எர்த் எளிதாகக் கிடைக்கும். சரளையிலும் தேரியிலும் கோடையில் மண் காய்ந்ததும் ரெசிஸ்டன்ஸ் பல மடங்கு ஏறிவிடும். எர்த் குழியை எர்த் டெஸ்டரால் அளந்து 5 ஓமுக்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இரண்டாவது குழி போட்டு இரண்டையும் இணையுங்கள், இரண்டுக்கும் இடைவெளி குழியில் இறக்கிய எர்த் குழாயின் நீளத்துக்குக் குறையக்கூடாது. குழியின் மேல் சிமெண்ட் பூசி மூடிவிடும் பழக்கம் பல வளாகங்களில் இருக்கிறது. மூடி திறக்கும்படி வைத்து, பங்குனி முதல் ஆனி வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றத் தோட்டக்காரரிடம் சொல்லிவைத்தால் போதும்.

போர்டு அமைப்பில் பலர் கவனிக்காத விஷயம், சாக்கெட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. ஆறு மாட்யூல் (ஒரு சுவிட்ச் அகலம் ஒரு மாட்யூல்) பிளேட்டில் இரண்டு சாக்கெட் இரண்டு சுவிட்ச் அடங்கும்தான். ஆனால் கொழுத்த சார்ஜர் ஒன்று ஏறினால் பக்கத்துச் சாக்கெட் மறைந்துவிடும். எட்டு மாட்யூல் நீளப் பிளேட் வாங்கி சாக்கெட், சுவிட்ச், டம்மி (வெற்று மூடி), டம்மி, சுவிட்ச், சாக்கெட் என்று அடுக்கச் சொல்லுங்கள். சாக்கெட் ஐஎஸ் 1293 முத்திரை உள்ள 6 ஆம்பியர், உள்ளே ஷட்டர் உள்ளதாக இருக்கட்டும். ஷட்டர் இல்லாத துளையில் நம்மூரில் குளவி மண்ணப்பிக் கூடு கட்டிவிடும், எறும்பும் புகும். 16 ஆம்பியர் சாக்கெட் இங்கே தேவையில்லை. பெரிய சாமான்களைக் கொண்டுவர அதுவே அழைப்பாகிவிடும்.

உயரம்: தரையிலிருந்து 90 சென்டிமீட்டரில் 20 சென்டிமீட்டர் அகலக் கடப்பாக்கல் பலகை ஒன்றைச் சுவரில் பதித்து, அதற்கு மேல் 20 சென்டிமீட்டரில் சாக்கெட் வையுங்கள். போன் பலகையில் அமரும். பலகை இல்லாவிட்டால் போன் கேபிளிலேயே தொங்கும், சார்ஜிங் போர்ட் உடையும், அல்லது தரையில் வைத்து யாரோ மிதிப்பார்கள். பலகையின் ஓரத்தில் ஒரு விரல் உயர விளிம்பு இருந்தால் நழுவி விழாது. சக்கர நாற்காலியில் வருபவர் கையும் இந்த உயரத்துக்கு எட்டும், ஆனால் முன்னால் பெஞ்சைப் போட்டு வழியை அடைக்காமல் ஒரு பக்கம் 90 சென்டிமீட்டர் காலியாக விடுங்கள்.

டிபியிலிருந்து 25 மீட்டர் தூரத்தில் எட்டு பாயிண்ட் என்றால் பொருள் கணக்கு இப்படி வரும்: 2.5 வயர் சிவப்பு, கறுப்பு, பச்சை ஒவ்வொன்றும் 30 மீட்டர், 25 மில்லிமீட்டர் கனமான பிவிசி பைப் மூன்று மீட்டர் நீளத்தில் பத்து, எட்டு மாட்யூல் பெட்டியும் பிளேட்டும் நான்கு, சாக்கெட் எட்டு, சுவிட்ச் எட்டு, டம்மி எட்டு, எம்சிபி ஒன்று, ஆர்சிசிபியில் பாதிப் பங்கு. அலுமினிய வயர், டேப் சுற்றிய ஜாயிண்ட் இரண்டும் கூடாது. பைப்புக்குள் ஜாயிண்டே இருக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் நாலு சோதனைகளை உங்கள் கண்முன்னே செய்யச் சொல்லுங்கள். 500 வோல்ட் மெக்கர் என்னும் கருவியில் வயரின் இன்சுலேஷன் ஒரு மெகாஓமுக்கு மேல் இருக்க வேண்டும். சாக்கெட்டை நேரே பார்த்தால் எர்த் மேலே, ஃபேஸ் வலது, நியூட்ரல் இடது. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 அருகே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 5 வோல்ட்டுக்குள். கடைசியாக, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்பை வயர்மேன் தொட வைத்தால் ஆர்சிசிபி அந்தக் கணமே விழ வேண்டும். விழாமல் பல்பு எரிந்தால் ஆர்சிசிபி வேலை செய்யவில்லை. விழவும் இல்லை, எரியவும் இல்லை என்றால் எர்த் வரவில்லை. எட்டு சாக்கெட்டிலும் பாருங்கள், ஒன்றில் பார்த்துவிட்டுப் போகவிடாதீர்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை மீறிய போது, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தொடர்புகொள்ள முடியாமல் குடும்பங்கள் தவித்ததை இந்த மாவட்டம் மறக்காது. கூரையில் சோலார் இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் சோலார் (மின்வாரிய லைனோடு சேர்ந்தே ஓடுவது), லைன் போனதும் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். வளாகத்தில் ஓர் இடத்தில், மேட்டில், நாலு பாயிண்டை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுங்கள். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி ஒன்று பேரளவில் 1,800 வாட்-மணி, அதில் பாதிக்குச் சற்று மேல் எடுத்தால் 40 போன்கள் முழுதாக ஏறும். அங்கே லேப்டாப் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். பேட்டரியைத் தரையில் வைக்காமல் மேடை கட்டி வையுங்கள்.

அறிவிப்புப் பலகையில் மூன்றே வரி போதும். சொந்த சார்ஜர் மட்டும். உப்பிய பேட்டரி உள்ள போனை இங்கே செருகாதீர்கள். மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்கு இங்கே இடமில்லை. மூன்றாவதில் கண்டிப்பாக இருங்கள்: பெரிய பேட்டரி மணிக்கணக்கில் ஏறும், வராந்தாவிலோ படிக்கட்டு அருகிலோ அது தீப்பற்றினால் எல்லோரும் வெளியேறும் வழியே அடைபடும். ஸ்கூட்டருக்கு வண்டி நிறுத்துமிடத்தில் தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் கொடுக்கலாம், அது வேறு வேலை.

பராமரிப்புக்கு ஓர் ஆளின் பெயர் வேண்டும், "மெயின்டெனன்ஸ் செக்‌ஷன்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது, பழுப்பேறிய சாக்கெட்டைக் கண்டால் அன்றே மாற்றுவது, தளர்ந்த சாக்கெட்டைக் காகிதம் செருகி இறுக்கும் பழக்கத்தைத் தடுப்பது, இவ்வளவுதான் வேலை. பழுப்பு நிறம் என்றால் உள்ளே லூஸ் காண்டாக்ட், சூடு ஏறுகிறது என்று பொருள். பத்து சாக்கெட் ஸ்டோரில் இருப்பு இருக்கட்டும்.

வேலையை மே விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் உடைக்க, தூசி அடங்க நேரம் கிடைக்கும். எர்த்தை அளக்கவும் அதுதான் சரியான மாதம்: காய்ந்த மண்ணில் 5 ஓமுக்குள் வந்தால் மழைக்காலத்தில் அதைவிட நன்றாகத்தான் இருக்கும். ஐப்பசியில் அளந்த எண்ணை நம்பி எழுதிய சான்றிதழ் பங்குனியில் செல்லாது. உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடமே கொடுங்கள். முதலில் நூலகத்தில் எட்டு பாயிண்ட் போட்டு ஒரு செமஸ்டர் பாருங்கள், எங்கே கூட்டம் சேர்கிறதோ அங்கே அடுத்த எட்டு.

இப்படிக்கு,
திருநெல்வேலி வட்டார வயர்மேன்களும் கல்வி நிலைய மின் பராமரிப்புப் பணியாளர்களும்